அவர் கேட்டார், நாங்கள் சொன்னோம்

தமிழாசிரியை என்றால் தெருவில் எல்லா வேலையும் நம் தலையில்தான். மனு எழுது, கல்யாணப் பத்திரிகையில் பிழை பார். ஒரு சாயங்காலம் தெருக்கோடி வீட்டு அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தார். மேடவாக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர். எங்கள் பள்ளிக்கரணைத் தெருவில் சதுப்பு நிலத்தை ஒட்டிய வரிசைக்கு, அக்கா வீடும் சேர்த்து, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. மறுநாள் காலைக்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் மாற்று வீடு. போடாவிட்டால் அதுவும் கிடையாது.

"அன்னிக்குக் கூட்டத்துல, வூட்ட தொட வுடமாட்டேன்னு சொன்னாரு இல்ல? போன்ல புட்ச்சி வச்சிக்கீறேன். நல்லா கேட்டுட்டுச் சொல்லு டீச்சர். சொல்லிக்கீறாருன்னா நான் கையெழுத்து போடமாட்டேன்."

அந்தத் தேர்தல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வேட்பாளரின் பேச்சில் சொக்கிப்போய், மறுநாள் ஆசிரியர் அறையில் அதைப் புகழ்ந்து தள்ளினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே கேட்டேன். 'உங்கள் வியர்வை, உங்கள் செங்கல், உங்கள் வாசல்.' ஒரே சொல்லை மூன்று முறை அடுக்கி ஏற்றுகிறார். 'பறவைக்குக் கூடு உண்டு, உங்களுக்கு வீடு இல்லையா?' பறவையை எதிரே நிறுத்துகிறார். 'நான் உங்கள் வீட்டுப் பிள்ளை.' உறவு கொண்டாடுகிறார். நான் எழுத எழுத அக்காவின் முகம் தெளிந்தது. குறிப்பெல்லாம் தனக்குச் சாதகம் என்று நினைத்துவிட்டார்.

கடைசியில் அந்த இடம் வந்தது. "உங்கள் வீட்டைத் தொட விடுவேனா?"

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கூட்டம்தான் "மாட்டீங்க!" என்று கத்தியது. பிறகு கைதட்டல், நன்றி, வணக்கம்.

"கேட்டியா? சொல்லிட்டாரு!"

"அவரு சொல்லலக்கா. கேள்விதான் கேட்டாரு. பதில் சொன்னது நாமதான்."

"இன்னா டீச்சர் பேசற? இன்னொரு தபா போடு."

போட்டேன். அந்த "மாட்டீங்க!"வில் போனுக்கு மிக அருகே ஒரு குரல் எல்லாரையும் மிஞ்சிக் கேட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது நானு," என்றார். "பக்கத்துல நீயும் கத்திக்கினுகீற."

மறுக்க முடியவில்லை. என் குரல்தான்.

அக்கா இடுப்பிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்து விடைத்தாள்கள் மேல் விரித்தார். என் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனாவைத் தேடிக் கொடுத்தேன்.

"எங்க போடணும், நீயே காட்டு," என்றார்.