கொடுக்காத கடிதம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை முழுவதும், லண்டன் பிளேஸ்டோவிலிருந்து வாகனத்தில் கென்ட் பக்கம் ஒரு பண்ணைக்கு ஸ்ட்ரோபெரி பிடுங்கப் போய் வந்தேன். நாங்கள் ஆறு தமிழ்ப் பெண்கள். ஏழாவது ஆள் ஒரு கொலம்பியாக்காரி. சின்ன வயதிலேயே தாயோடு தோட்டம் தோட்டமாக அலைந்து கோப்பிப் பழம் பிடுங்கியவளாம். அவளுடைய கைவேகம் எங்களில் ஒருவருக்கும் வராது. எனக்கு எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

பண்ணையில் கழிப்பறை இல்லை. வேலிக்குப் பின்னால் போக எங்களுக்கு வெட்கம். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டோம். அவள் போத்தலை நீட்டினால் "விரதம்" என்போம். வாரத்தில் ஐந்து நாளும் விரதம்.

எங்களில் ஆங்கிலம் தெரிந்தவள் நான்தான். பள்ளிக்கூட ஆங்கிலம். கழிப்பறை கேட்டுப் பண்ணைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"குடுத்திட்டீரோ?" என்று எங்களில் மூத்த அக்கா கேட்பா.

"நாளைக்குக் குடுக்கிறன் அக்கா."

"உம்மட நாளைக்கு வாறதுக்குள்ள ஸ்ட்ரோபெரி முடிஞ்சிடும் பிள்ளை."

ஒரு மதியம் வெயிலில் மயங்கி விழுந்தேன். பதறிப்போன அக்கா கைச்சாடையில் கொலம்பியாக்காரியிடம் விரதத்தின் உண்மையைச் சொல்லிவிட்டா. அவள் நேரே பண்ணைக்காரரிடம் போனாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஐம்பது சொல் தெரிந்திருந்தால் அதிகம். "கழிப்பறை இல்லை. தண்ணீர் இல்லை. வேலை இல்லை" என்று சொல்லி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த திங்கட்கிழமை கழிப்பறை வந்தது. எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். நான் பைக்குள் கடிதத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

பிறகு அவள் அலுவலகம் துடைப்பவர்களுக்காகப் பேசினாள். வீடில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலுக்குப் போனாள். சில வருடங்கள் கழித்து ஒரு கூட்டத்தில் அவள் மேடையில், நான் கடைசி வரிசையில். அவளுடைய ஆங்கிலத்தில் இன்னும் பிழை இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் விரதக் கதையை அவள் சொன்னபோது மண்டபம் சிரித்தது. "அவர்களில் ஒருத்தி இங்கே இருக்கிறாள்" என்று என்னைக் காட்டினாள். மைக் என் கைக்கு வந்தது. எழுந்தேன்.

"நீ கேட்பதற்கு முன்னமே நான் பண்ணைக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்" என்றேன்.

"எந்தக் கடிதம்?" என்று கேட்டாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியாது.

மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.