அழித்த கோப்பு

திருவனந்தபுரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு கான்ட்ராக்டில் வந்தவர் அவர். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. மென்பொருளை, அதற்கு வேண்டியதெல்லாம் சேர்த்து, ஒரே கன்டெய்னர் இமேஜாகக் கட்டும் வேலையை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றோம். ஒவ்வொன்றையும் கட்டி முடித்ததும் அவர் திறந்து உள்ளே பார்ப்பார், லாட்ஜ் அறையைக் காலி செய்பவர் கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பதுபோல.

ஒருநாள் நான் ஒரு வரியில் பாஸ்வேர்டு கோப்பை உள்ளே வைத்து, அடுத்த வரியில் அழித்தேன்.

"அது போகாது சாரே. ஒவ்வொரு வரியும் ஒரு லேயரா மேல மேல அடுக்கும். அடி லேயர்ல அப்படியே கெடக்கும், கேட்டோ."

"யாரு தோண்டிப் பாக்கப்போறா?" என்றேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் இமேஜை வாடிக்கையாளருக்கு அனுப்பியும் விட்டேன்.

வாடிக்கையாளர் தோண்டிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே லாகின். யார் அனுப்பியது என்று மேனேஜர் கேட்டபோது நான் மேசையைப் பார்த்தேன். அவரும் வாய் திறக்கவில்லை. கான்ட்ராக்டில் இருந்தவரைத்தான் வெளியே அனுப்பினார்கள்.

லிப்ட் வாசலில் கேட்டேன்: "நான்தான்னு நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் சாரே."

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். அழித்தாலும் அடியில் கிடக்கும் என்று அவர் சொன்னதையே சொல்கிறேன். எவ்வளவு கவனமான ஆள் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம்.