கோதண்டம் மாட்டிய கியர் பாக்ஸ்

கோதண்டம் செத்த செய்தி வந்தபோது நான் உரக்கடை வாசலில் நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் எழுத்துக் கற்றேன். அன்று முதல் கண்ணில் படுகிற எதையும் விடுவதில்லை. பாதிப் பலகையில் போன் அடித்தது. கோதண்டத்தின் மகள் செல்வி.

“அப்பா பூட்டாரு சித்தப்பா” என்றாள்.

மீதிப் பலகையையும் படித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவனும் அப்படித்தான். இழவு சொல்ல ஆள் வந்து நின்றாலும் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டுத்தான் ஸ்பேனரைக் கீழே வைப்பான்.

படத்திறப்பு அன்று படிக்க நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னாள் செல்வி. கிருமாம்பாக்கம் ரோட்டில் அவனுடைய டீசல் பட்டறைக்கு வந்து போன உங்களுக்காக எழுதுகிறேன். நான் எழுதும் முதல் நீளமான எழுத்து இது. எழுத எழுத இனிக்கிறது. செத்தவன் விஷயத்தில் இப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். ‘அவன்’ என்றே எழுதுவேன். நான் அவன் பட்டறையில் கையாள், ஆனால் எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. உயிரோடு இருந்தவரை அவன்தான். செத்ததற்காகப் பதவி உயர்வு கொடுக்க முடியாது.

அவன் நாக்கு உங்களுக்குத் தெரியும். பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் எண்ணெய் இல்லாமல் பவர் டில்லரை ஓட்டி எஞ்சினைத் தீய்த்து, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். “சரியா ஸ்டார்ட் ஆவ மாட்டுதுபா” என்றார். கோதண்டம் எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “பொணத்த தூக்கினு வந்து ஜுரம்னு சொல்றியே பெரியவரே! உனக்கு எண்ண இல்லாம எதனா எறங்குமா? எங்க, வாயத் தொற பாப்போம்” என்றான். நடவு நேரம். அந்த மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் உள்ளுக்குள் இரக்கமுள்ளவன் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். யாரும் பார்க்கும்போது அவன் இரக்கப்பட்டு நான் கண்டதில்லை. யாரும் பார்க்காதபோது அவன் பக்கத்தில் நான்தான் இருந்தேன், அப்போதும் கண்டதில்லை.

என்னை அவன் ஏழுமலை என்று கூப்பிட்டதே கிடையாது. கைநாட்டு என்றுதான் கூப்பிடுவான். அவன் ஐந்தாவது வரை படித்தவன்.

பட்டறையில் அவன் போட்ட சட்டம் ஒன்று. மெஷினுக்குள் எவன் கை இருக்கிறதோ அவன் வாயில் சாவி இருக்க வேண்டும். வேறு யாரும் தெரியாமல் ஸ்டார்ட் செய்ய முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் சாவியைக் கடித்துக்கொண்டிருப்பவன் பதில் பேச முடியாது அல்லவா? அந்த நேரம் பார்த்துத்தான் என்னை வைவான், என் மாமனார் வீடு வரைக்கும் போய் வருவான்.

இனி படகு விஷயம்.

ரெனே ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தமிழர். சொல்தா என்போமே, அவர்தான். மூர்த்திக்குப்பம் பக்கத்து உப்பங்கழியில் ஒரு பாய்மரப் படகை நிறுத்தி வைத்திருந்தார். காற்று இல்லாத நேரத்துக்கு உள்ளே ஒரு சின்ன டீசல் எஞ்சின். லீவரை முன்னால் தள்ளினால் எஞ்சின் கத்தியது, தண்ணீருக்குள் விசிறி சுற்றவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டது. புதிய பெட்டி பார்சலில் வந்தது. கழி கடலில் சேரும் வாயை மண் மூடுவதற்குள் படகு கடலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழை வந்து அதைத் திறக்கும்வரை அங்கேயேதான். ஆனால் பாய்மரப் படகை நாங்கள் யாரும் தொட்டதில்லை. “தண்ணில ஓட்ற டிராக்டரு, அவ்ளோதான?” என்று கோதண்டம் ஒத்துக்கொண்டான்.

எஞ்சினுக்குப் பின்னால் கியர் பாக்ஸ். அதிலிருந்து ஒரு தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிறது. நுனியில் விசிறி. பழைய பெட்டியைக் கழற்ற வேண்டுமானால் தண்டை ஒரு சாண் பின்னால் தள்ள வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் தண்டு உருவிக்கொண்டு வெளியே போய்விடும், அந்தத் துளை வழியாகக் கழி உள்ளே வந்துவிடும். படகைக் கரையேற்ற அங்கே கிரேன் இல்லை. எனவே பின்னால் தண்ணீரில் நின்று விசிறியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

“எனக்கு நீச்சல் தெரியாதுடா” என்றேன்.

“கழுத்து வரைக்கும்தான் தண்ணி. உனக்கு கழுத்துக்கு மேல இன்னா இருக்குது? போய் நில்லு.”

சட்டப்படி சாவியை உருவி என் வாயில் வைத்தான். நானும் இறங்கி நின்றேன்.

பழைய பெட்டி வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. நான் தண்டை முன்னால் தள்ளிக் கொடுத்தேன். தண்டையும் பெட்டியையும் சேர்க்கும் இரண்டு தட்டுகளும் பொருந்தின. அவை கோணாமல் இருக்க, இடையில் தகடு விட்டுப் பார்த்துப் பார்த்து எஞ்சின் நிற்கும் கால்களை ஏற்றி இறக்கினான். நாலு போல்ட்டில் இரண்டைப் போட்டுவிட்டான். மற்ற இரண்டு துளையும் அடிப்பக்கம் இருந்தன. எஞ்சினை ஸ்பேனர் போட்டுக் கையால் அரைச் சுற்றுச் சுற்றினால் மேலே வந்துவிடும். ஆனால் அவன் ஆயுசெல்லாம் டிராக்டர் பார்த்தவன். டிராக்டரில் யார் கையால் சுற்றுவார்கள்? ஸ்க்ரூ டிரைவரை ஸ்டார்ட்டரின் இரண்டு கரன்ட் முனைகளுக்கும் குறுக்கே வைத்து ஒரு தட்டுத் தட்டினான். அதற்குச் சாவி தேவையில்லை. புதிய பெட்டி கியரில் இருந்தது.

விசிறி அரைச் சுற்றுதான் சுற்றியது. நான் கத்த வாயைத் திறந்தேன், சாவி சேற்றில் விழுந்தது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போயின.

ரெனே ஐயாவின் காரில் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோதண்டம் தன் சட்டையைக் கிழித்து என் கையைச் சுற்றி அழுத்திப் பிடித்திருந்தான். முள்ளோடை தாண்டினோம். பிறகு சொன்னான்.

“கட்ட வெரலு இருக்குதில்ல? அப்பறம் இன்னா. கைநாட்டு வைக்க அது போதும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெனே ஐயா காரை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தார். “உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமா?” என்றார்.

மறுநாளே கோதண்டம் தனியாகப் போய், எஞ்சினைக் கையால் சுற்றி, மீதி இரண்டு போல்ட்டையும் போட்டான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ரோடு முழுக்க ஒரே பேச்சு. “கைய எட்றான்னு கத்தனேன், எடுக்கல” என்று சொல்லி வைத்திருந்தான். நீங்களும் நம்பினீர்கள். “ஏன் ஏழுமல, சொன்னா கேக்க மாட்டியா?” என்று டீக்கடையில் எத்தனை பேர் கேட்டீர்கள்! என் பெண்டாட்டியும் கேட்டாள். அவன் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டுவான். நான் நடந்ததைச் சொன்னால், மேஸ்திரி மேல் பழி போடுகிறான் என்றீர்கள்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். “ஸ்க்ரூ டிரைவர வச்சி தட்னியா இல்லியா?”

“சாவி எவன் வாயில இருந்திச்சி?” என்றான். “சாவி இல்லாம வண்டி எப்பிடிடா ஓடும், கைநாட்டு?”

அதன் பிறகும் அவனிடம்தான் வேலை செய்தேன். விரல் போனவனை வேறு எந்தப் பட்டறை சேர்க்கும்? அதுவும் அவனுக்குத் தெரியும்.

கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவனைப் போய்ப் பார்த்தேன். “எழுதக் கத்துக்கினேன்டா. படகு கதய எழுதப் போறேன், ஊரே கேக்கும்” என்றேன். சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை. என் பக்கம் தலையைத் திருப்பினான். மன்னிப்புக் கேட்பானோ என்று ஒரு நப்பாசை.

“எல்லாத்தயும் எழுதுவியா?”

“எல்லாத்தயும்.”

“அப்ப அந்த கியர் பாக்ஸ எப்பிடி மாட்னேன்னு எழுது. ஒரு சொட்டு எண்ண ஒழுவல. அத வுட்டுட்டு எழுதன, ஆவியா வந்து மீதி வெரலயும் எடுத்துனு போவேன்.”

எழுதுகிறேன். கோதண்டம் ஸ்க்ரூ டிரைவரால் தட்டினான், கையை எடு என்று அவன் குரல் கொடுக்கவில்லை. அவன் மாட்டிய பெட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை, தண்டு மயிரிழைகூடக் கோணவில்லை, மண் மூடுவதற்கு முன் படகு கடலுக்குப் போய்விட்டது. இரண்டும் அவன் கை செய்ததுதான்.

பட்டறை செல்விக்கு. அவனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது என் கோபத்தை. அவன் செத்துவிட்டான் என்று அதைக் கீழே போட மாட்டேன். அது இருந்ததால்தான் இந்த வயதில் பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன்.

படத்திறப்பில் இதைச் செல்வி படிக்க வேண்டாம், நானே நின்று படிக்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், நேரம் ஆகும். முடிகிறவரை யாருக்கும் இலை போடக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.