நிறுத்திய காரின் சத்தம்

எழுபதுகளில் சிட்னியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். நகரத்துக்கு வெளியே இருந்த பல்கலைக்கழக ரேடியோ தொலைநோக்கியைப் பலரும் முறைவைத்துப் பாவித்தோம். எப்போதோ வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் ரேடியோத் துடிப்பைப் பதிவதுதான் என் வேலை. என் முறை வந்த மாரிக்காலப் பகலில், அறைத்தோழர் சிவம் அண்ணை தன் காரில் கொண்டுபோய் விட்டார்.

நட்சத்திரம் தலைக்கு மேலே கடக்கும் சில நிமிடங்கள் மட்டுமே எனக்கு. தவறினால் அடுத்த முறைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கருவி அறையின் ஒலிபெருக்கி படபடவென்று அடித்தது. பக்கத்தில் ஓடும் கார் எஞ்சினின் தீப்பொறியும் ரேடியோ இரைச்சலாக அதில் இப்படித்தான் கேட்கும். கோபத்தோடு வெளியே ஓடினேன்.

“அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோ! என்ர முறை வீணாப் போகுது!”

தேத்தண்ணியோடு புல்லில் இருந்தவர் திகைத்தார். “வந்த உடனையே நிப்பாட்டிப் போட்டன். தொட்டுப் பார், சில்லெண்டு கிடக்குது.”

காரைத் தொட்டேன். உண்மைதான். அறைக்குள் படபடப்பு இன்னும் கேட்டது. மேகம் மூடிய வானத்தை அண்ணாந்து பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை.

“அப்ப அது என்ன சத்தம்?” சிவம் அண்ணையும் மேலே பார்த்தார்.

நட்சத்திரம் கடந்து போகும்வரை இருவரும் அறை வாசலில் நின்று அதன் துடிப்பைக் கேட்டோம். இன்றும் யாராவது காரை நிறுத்தினால், சத்தம் நின்றுவிட்டதா என்று ஒருகணம் காதுகொடுக்கிறேன்.