மாமா எடுத்துக்கொடுத்த லேப்டாப்

கடைக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்த என் தாய்மாமனின் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. நான் செல்போன் செயலிகள் எழுதக் கற்றுக்கொண்டிருந்த சமயம். எழுதியதைச் சோதித்துப் பார்க்க, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்ப் போனை ஓடவிட வேண்டும். எட்டு ஜிபி ராமில் அது திணறும், பதினாறு ஜிபியாவது வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். கடைக்காரரோ கலர் லைட் எரிகிற எட்டு ஜிபி ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்கு எட்டே அதிகம்ணே" என்று அவர் வாயைத் திறந்ததும் பளார் என்று ஓர் அறை. "எம் மருமக பதினாறுங்குது, நீ எட்டுங்குற? எடுடா அங்கிட்டு இருக்குறத!" கடைக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டே பதினாறு ஜிபியை எடுத்துவைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. உள்ளுக்குள் கொண்டாட்டமாகவும் இருந்தது. எனக்காக ஒருவர் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை.

அப்பா சிங்கப்பூரில் இருந்தார். கீரனூரில் எங்கள் வீட்டுக்கு மாமா வைத்ததுதான் சட்டம். தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போடும் வண்டி வைத்திருந்த மனிதர். அடிக்காமல் அவருக்குப் பேசவே வராது. லேப்டாப்பை அவர் சும்மா கையில் கொடுக்கவில்லை. நல்ல நாள் பார்த்து, தாம்பாளத்தில் பழம், பூ, பட்டுச்சேலையோடு வைத்து, மேளம் அடித்துச் சீராகக் கொண்டுவந்தார். மூடியில் சந்தனப் பொட்டு வேறு! நான் லேப்டாப்பைப் பார்த்தேன். ஊர் பட்டுச்சேலையைப் பார்த்தது. மாமன் மகனுக்கு என்னைப் பேசி முடித்தாயிற்று என்று எல்லோருக்கும் விளங்கியது, எனக்குத்தான் விளங்கவில்லை. இன்று எந்த லேப்டாப் வாங்கலாம் என்று யாராவது பெண் கேட்டால், ராம் கணக்கெல்லாம் அப்புறம், யார் எடுத்துத் தருகிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மாமா தந்த லேப்டாப்பில்தான் கீரனூர் - திருச்சி பஸ் நேரம் சொல்லும் செயலியை எழுதினேன். முடித்துத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பினால் வேலை தருகிறோம் என்றது ஒரு கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை மாமா கல்யாணத் தேதியோடு வந்தார். முடியாது, வேலைக்குப் போகிறேன் என்றேன்.

"யாரு எடுத்துக்குடுத்த மிசின்ல யாருக்குடி வேல பாக்கப் போற?"

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். தடுக்க வந்த என் அம்மாவை, சொந்த அக்காவை, எட்டி உதைத்தார். வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து லேப்டாப்பைக் குத்தினார். திரை நொறுங்கியது. பொத்தான்கள் கூடமெல்லாம் சிதறின. நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, எனக்கு வெறி ஏறிவிட்டது.

"ஒடைங்க மாமா, நல்லா ஒடைங்க! நா எழுதுனது அதுல இல்ல!"

உண்மைதான். எழுத எழுத இன்டர்நெட்டில் ஏற்றிவைப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதைச் சொன்னேன். "யாருகிட்டடி கத விடுற? எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று பீரோவைக் கவிழ்த்தார். அரிசி டிரம்மைக் கொட்டினார். மெத்தையைக் கிழித்தார். பாவி மனுஷன், சாமிப் படங்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

மறுநாள் காலை நெற்றியில் கட்டோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே மாமா நின்றிருந்தார். பையைப் பிடுங்கி நடுரோட்டில் உதறினார். சோற்று டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் சீப்பும் விழுந்தன. அதைப் பார்த்துச் சிரித்தார்.

"போ, போ. வெறுங்கையோட போயி என்னத்தக் கிழிக்கிறேன்னு பாக்குறேன்."

திருச்சி பஸ் புறப்படும்போது, பக்கவாட்டில் ஓங்கித் தட்டி "ரைட்" சொன்னதும் அவர்தான்.

மத்தியானம் திருச்சியில் ஒரு தோழியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டை அடித்ததும் நான் எழுதிய அத்தனையும் வரிவரியாக வந்து இறங்கியது. சாயங்காலத்துக்கு முன்பே அனுப்பிவிட்டேன். வீட்டையே புரட்டிப் போட்டவருக்கு அந்த பாஸ்வேர்டு அகப்படவில்லை. அது அவர் சுவரில் மோதிய என் தலைக்குள் இருந்தது.