மச்சான் தொடாத வேன்

இன்று காலை அக்காவின் வேனுக்குப் புது பிரேக் பேட் மாட்டி முடித்து, முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது என் கை கூசியது. நிமிர்ந்தால் போர்ச்சில், பிளாஸ்டிக் நாற்காலியில், மச்சான். அக்காவின் கணவர். நான் வேனை ஜாக்கில் தூக்கும்போதெல்லாம் அவர் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வார். ஆனால் ஒரு ஸ்பானரைக்கூட எடுத்துத் தர மாட்டார். அவர் கண்ணெதிரே அந்த வேலையைச் செய்வதைப் போல எனக்கு வெட்கக்கேடான காரியம் வேறில்லை.

அது அவருடைய வேலை. பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி ஓட்டியவர் மச்சான். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தார். அக்கா பழைய வேன் ஒன்றை வாங்கி, எங்கள் தாமான் குடியிருப்பின் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக ஆரம்பித்தாள். வேனின் பழுது வேலையெல்லாம் மச்சான் பொறுப்பு. கழற்றிய போல்ட்டுகளை பிஸ்கட் டின் மூடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, "என்னாடி, இப்ப என்னா வலி ஒனக்கு?" என்று வேனிடம் பேசிக்கொண்டே வேலை செய்வார். அக்காவிடம்கூட அவ்வளவு கொஞ்சலாகப் பேசி நான் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு, ஓர் ஆயுத பூஜை நாள். பூஜைக்கு முன் புது பேட் போட்டுவிட வேண்டுமென்று விடியலிலேயே உட்கார்ந்தவர், முடிக்கும்போது ராகு காலம் நெருங்கிவிட்டது. வேனுக்கு மாலை போட்டு, ஸ்டியரிங்கில் சந்தனம் வைத்தாயிற்று. அக்கா உள்ளே ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டாள். மச்சானின் கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையோடு சந்தனம் வைத்த ஸ்டியரிங்கைத் தொட அவருக்கு மனமில்லை. "தம்பி, கைய கழுவிட்டு வாரேன். புது பேட்டு, பெடல நாலு தரம் மிதிச்சு ஏத்தணும். அதுவர அக்காவ எடுக்க வேணாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார். நான் சூடத்தட்டோடு நின்றிருந்தேன். எனக்கு நேரத்தின் மேலேயே கண். "ராகு காலம் வருது மச்சான், அக்கா போறப்ப மிதிச்சிக்கும் லா" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அக்காவுக்குக் கை காட்டினேன். எஞ்சின் இரைச்சலில் அவர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.

பழங்கள் நசுங்கின. எங்கள் போர்ச் சாலையை நோக்கிச் சரிவு. அக்கா மிதித்த பெடல் தரைவரை போனது. வேன் கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி தன் வாசலில் வைத்துக் கும்பிடும் டத்தோ சாமியின் சிவப்பு மாடத்தில் மோதியது. அக்கா பதறிப்போய் மீண்டும் மீண்டும் மிதித்ததில்தான் பிரேக் பிடித்தது. யாருக்கும் அடியில்லை. மாடம் மட்டும் இடிந்து, ஊதுபத்திச் சாம்பல் சாலையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

தெருவே கூடிவிட்டது. வேனில் மகளை அனுப்பும் ஒரு அம்மா, "பிரேக்கு புடிக்கலையாக்கா? நாளைக்கு எப்படி புள்ளய அனுப்புறது?" என்று கேட்டார். அக்கா முகம் செத்துவிட்டது. அந்த வேன் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. மச்சான் ஈரக்கையோடு வந்து நின்றார். என்னை ஒரு தரம் பார்த்தார். "பிரேக்குக்கு ஒன்னும் இல்லம்மா. புது பேட்டு போட்டா பெடல மிதிச்சு ஏத்தணும். நான்தான் மறந்துட்டேன்" என்றார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். சூடம் இன்னும் என் தட்டில் எரிந்துகொண்டிருந்தது.

ஆன்ட்டி திட்டவில்லை, "தா அப்பா லா" என்று சொல்லிவிட்டார். பரவாயில்லை என்ற அந்தச் சொல்லை மச்சானால் தாங்க முடியவில்லை. தானே சிமெண்டு குழைத்து மாடத்தைக் கட்டினார், சிவப்புச் சாயம் அடித்தார், வெற்றிலை வாங்கி வைத்தார். பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்தவில்லை. ஆனால் மச்சான் இனி வேனைத் தொடக்கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் ஸ்பானர் என் கைக்கு வந்தது. ஒருமுறை, "மச்சான், அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "வேன் ஓடுதுல்ல தம்பி, வுடு" என்றார். விட்டுவிட்டேன். அதுதான் எனக்கு வசதியாகவும் இருந்தது.

இன்று பெடலை நானே மிதித்து, அது கல்லாக நின்ற பிறகுதான் அக்காவை ஏறச் சொன்னேன். எதிரே ஆன்ட்டி மாடத்தில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, இந்தத் தடவை வேலை செய்தது யார், அந்த மறதிக்காரர் இல்லையே என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். கேலிதான், அதில் விஷமில்லை. அவர் மறக்கவில்லை, அவசரப்பட்டது நான் என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாயே போதும். தெருவில் வேறு யாரும் இல்லை. பிள்ளையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இப்போது இல்லை. நான் சிரித்தேன்.

பின்னால் நாற்காலியிலிருந்து மச்சானும் சிரித்தார், எனக்குத் துணையாக. அக்கா வேனை நகர்த்தினாள். பழம் நசுங்கியது. கேட்டருகே பிரேக் நன்றாகவே பிடித்தது.