ரெண்டு டிஸ்க், ஒரே கல்யாணம்

நிற்காமல் ஓடவேண்டிய பெட்டியை, கரண்ட் நின்று நின்று வரும் ஊரில் விற்பதுதான் என் தொழில்.

கடைகளில் அதை நாஸ் என்பார்கள். பெட்டிக்குள் டிஸ்க் இருக்கும். வீட்டு வைஃபையோடு சேர்த்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லா ஃபோன்களிலும் இருக்கிற படங்களை அதில் கொட்டிவைக்கலாம், வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம். யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். மனைவி காலமான பிறகு கெடுப்பதற்கு நேரமும் நிறையக் கிடைத்தது.

ஃபோனில் இடமில்லை என்று செய்தி வந்ததும், எந்தப் படத்தை அழிப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒன்றையும் அழிக்காமல் ஃபோனைக் கீழே வைக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. ஊ மணியம் குடும்பத்தோடு நான் பட்ட பாட்டை உங்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

நல்ல சாவு

ஊ மணியம் பாத்திரக்கடைக்காரர். இங்கே வயதான ஆணின் பெயருக்கு முன்னால் ஊ, பெண்ணுக்கு டோ, இளம்பெண்ணுக்கு மா என்று பர்மிய வழக்கப்படி சேர்த்துக்கொள்வோம். கொஞ்சம் தொழில் தெரிந்த யாரும் சயா. அதாவது வாத்தியார். ஒரு மாணவனும் இல்லாத நானும் சயாதான்.

அவரும் மகள் மா தேவியும் ஒரு சின்ன டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மாட்டினால் டிக் டிக் என்றது. உள்ளே இருந்தது மா தேவியின் கல்யாணம். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். இவளும் போய்ச் சேரவேண்டும். அதற்கு முன்னால் தூதரகத்தில் கூப்பிட்டுக் கேட்பார்கள்: இது நிஜக் கல்யாணம்தானா, காட்டு. காட்டுவதற்கு இந்த டிஸ்க்தான். வீடியோ எடுத்தவர் அடுத்த கல்யாணத்துக்காகத் தன் கார்டுகளைத் துடைத்துவிட்டார். ஃபேஸ்புக்கில் போடக்கூடாது, கண் படும் என்று அம்மா தடுத்துவிட்டார். விருந்தாளிகளின் ஃபோன்களில் தேடியபோது, அவற்றில் விருந்தாளிகள்தான் இருந்தார்கள். ஒரு படத்தில் மாப்பிள்ளையின் காது தெரிந்தது.

என் கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்து, மூச்சு விடாமல் நகலெடுத்தேன். டிக் டிக் என்று முனகியபடியே எல்லாவற்றையும் கொடுத்தது. கடைசிப் படம் வந்ததும் நின்றது. பிறகு எழுந்திருக்கவில்லை. ஊ மணியம் அதைக் கைக்குட்டையில் மறுபடி மரியாதையாகச் சுற்றினார்.

"கடமையை முடிச்சிட்டுத்தான் போயிருக்கு சயா. நல்ல சாவு."

கண்ணுக்குத் தெரிகிற இடம்

இனி இதை எங்கே வைப்பது? மா தேவிக்குத் தமிழ் புரியும். பதில் பாதி பர்மிய மொழியில்தான் வரும். கிளவுடில் போடலாம் என்றாள். அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று அப்பா கேட்டார். தெரு இல்லை, எங்கேயோ இருக்கும் என்றாள். எங்கேயோ இருப்பதை நம்பி எங்கேயோ போகப்போகிற பொண்ணு என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவள் பிடிவாதமாக ஏற்றிப் பார்த்தாள். மேளக்காரர்கள் வந்து உட்காரும் வரைக்கும் ஏறியது. அதற்குள் நெட் போய்விட்டது. திரும்பி வந்தபோது முதலிலிருந்து ஆரம்பித்தது. மேளக்காரர்கள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள்.

ஆகவே என் சரக்கை எடுத்தேன். வீட்டிலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியும், நெட் இல்லாவிட்டாலும் பார்க்கலாம். நாலு டிஸ்க் பெட்டி ஒரு குடும்பத்துக்கு அதிகம், ரெண்டு டிஸ்க் பெட்டி போதும் என்றேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்றும் விளக்கினேன். டோ சரசு, அதாவது அவர் மனைவி, தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு நின்று முழுதாகக் கேட்டார். ஊ மணியம் சொன்னார்.

"மாப்பிள்ளை ஒருத்தர்தானே சயா, டிஸ்க் எதுக்கு ரெண்டு?"

பழகின டிஸ்க்

பெட்டி வாங்குவது சுலபம். டிஸ்க் வாங்குவதுதான் பெண் பார்ப்பது மாதிரி. கம்ப்யூட்டருக்கு ஒரு ஜாதி, காமிராவுக்கு ஒரு ஜாதி, நாள் முழுவதும் ஓடும் நாஸுக்கு ஒரு ஜாதி. வெளியே எல்லாம் ஒரே முகம். அதிலும் ரெண்டை ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கக்கூடாது. ஒன்றாகப் பிறந்தவை சில சமயம் ஒன்றாகவே போய்விடும்.

நான் வாங்குவது கோ அஸீஸிடம். கோ என்றால் அண்ணன் மாதிரி. பரம்பரை வியாபாரக் குடும்பம். தாத்தா காலத்தில் குடை, அப்பா காலத்தில் ரேடியோ, இவர் காலத்தில் டிஸ்க். சீல் பிரிக்காத ஒன்றை எடுத்து நீட்டினார். அங்கேயே என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். டிஸ்க் தான் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத் தனக்குள்ளேயே குறித்துவைத்திருக்கும். கவரை மாற்றலாம், அதை மாற்றுவது கஷ்டம். அந்தப் புது டிஸ்க் வருடக்கணக்கில் ஓடியிருந்தது. ஊர் ஓரத்து லைங் தாயாவில் ஏதோ கார்மென்ட் ஃபாக்டரியின் கேட்டை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த காமிரா டிஸ்காக இருக்கவேண்டும். திரையைக் கோ அஸீஸ் பக்கம் திருப்பினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே போய் நிஜமான புதுசு ரெண்டு எடுத்துவந்தபடியே சொன்னார்.

"புதுசுன்னா இனிமேதான் வேலை பழகணும் சயா. அது பழகிட்டே வந்திருந்துச்சு."

மூச்சு விடுமே

பெட்டியை மாட்டி, கல்யாணத்தை அதில் ஏற்றினேன். டிராயர் மாதிரி டிஸ்கை எப்படி இழுப்பது, எப்படித் தள்ளுவது என்று காட்டினேன். ஊ மணியம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். பார்த்தது டோ சரசுதான். பிறகு என் கம்ப்யூட்டரில் இருந்த நகலை அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். வாடிக்கையாளர் வீட்டுப் படத்தை என்னிடம் வைத்துக்கொள்வதில்லை என்பது என் கொள்கை. அன்றைக்குக் கொள்கையைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுவாரமே கூப்பிட்டார்கள். பெட்டி கத்துகிறது என்று. நம் ஊரில் கரண்ட் திரும்பியதும் தெரு முழுக்க "மீ லாப்பீ!" என்று ஒரு கூச்சல் எழும், வெளிச்சம் வந்தாச்சு என்று அர்த்தம். அடுத்த நிமிடம் எல்லா மாடியிலும் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள். கரண்ட் தள்ளாடும். உடனே பெட்டியும் கத்தும். பக்கத்துவீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிறதாம். கத்தும் வசதியை நிறுத்திவைத்தேன்.

அப்போது பார்த்தால், பெட்டிமேல் பின்னல் துணி போர்த்தியிருந்தது. டிவிக்குப் போட்டது போக மிச்ச நூலாம். முன்பக்க விளக்குகள்கூடத் தெரியவில்லை. சூடு வெளியே போகவேண்டும், துணியை எடுத்துவிடுங்கள் என்றேன். டோ சரசு துணியைத் தூக்கி வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார்.

"இவ்வளவு ஓட்டை இருக்கே சயா, மூச்சு விடுமே!"

பின் நுழைந்தது

தூதரகத்திலிருந்து தேதி வந்தது. படங்களை எடுத்து ஒரு ஆல்பமும் போடலாம் என்று மா தேவி பெட்டியைத் திறக்கப் பார்த்தால், பெட்டி எழவில்லை. நான் போனபோது வீட்டில் கருகின வாசனை. ஊ மணியம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

கதை இதுதான். அவர்கள் கட்டடத்துக்குப் பொது ஜெனரேட்டர் ஒன்று உண்டு. யாரோ லைனை மாற்றும்போது தப்பாக மாற்ற, பெட்டியின் அடாப்டர் எரிந்துவிட்டது. அடாப்டர் எரிவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கலாம். சயாவை எதுக்குத் தொந்தரவு செய்யணும் என்று ஊ மணியம் நடைபாதைக் கடையில் ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிவிட்டார். லேப்டாப் அடாப்டர். பெட்டி கேட்பது பன்னிரண்டு வோல்ட். இது கொடுத்தது பத்தொன்பது. பெட்டி மட்டுமல்ல, அந்த வேகத்தில் உள்ளே மாட்டியிருக்கிற டிஸ்கும் போகும். வெளியூருக்கு அனுப்பினால் எடுக்கலாம், மாதங்கள் ஆகும், எடுக்கவே முடியாமலும் போகலாம். இன்டர்வியூவோ அடுத்த வாரம்.

மா தேவி அழவில்லை. ஃபோனில் மாப்பிள்ளையின் காது இருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல்தான் அப்பா ஜன்னல் பக்கம் நின்றார். ஏன் அதை மாட்டினீர்கள் என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னார்.

"பின் சரியா நுழைஞ்சுது சயா."

காலி டிராயர்

செத்த டிஸ்குகளையாவது கழற்றி எடுத்துக்கொண்டு போவோம் என்று முதல் டிராயரை இழுத்தேன். டிஸ்க் வந்தது, கருகின வாசனையோடு. இரண்டாவதை இழுத்தேன். டிராயர் மட்டும் வந்தது. டிஸ்க் இல்லை.

ஊ மணியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. திருடன் வந்தால் ஒன்றை விட்டுவிட்டா போவான் என்றார். அப்போதுதான் டோ சரசு, கைவேலையை நிறுத்தாமல், அது டாலாவில் இருக்கிறது என்றார். ஆற்றுக்கு அந்தக் கரையில், அவர் அக்கா வீட்டில். போன தடவை போகும்போது எடுத்துப் போனாராம். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எடுத்தாராம், ஷாக் அடிக்குமே. ஒரு டிஸ்கோடு பெட்டி பாட்டுக்கு ஓடியிருக்கிறது. டிஸ்க் ஒன்று குறைகிறது என்று அது கத்தியிருக்கவேண்டும். கத்தலை நிறுத்திவைத்தது நான். சிவப்பு விளக்கு எரிந்திருக்கவேண்டும். அதன்மேல் பின்னல் துணி.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அப்படியெல்லாம் எடுக்கக்கூடாது டோ சரசு, ரெண்டும் உள்ளே இருந்தால்தான் பாதுகாப்பு என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் என் கையில் இருந்த கருகிய டிஸ்கைப் பார்த்தேன். ரெண்டும் உள்ளே இருந்திருந்தால், ரெண்டும் என் கையில் இப்படித்தான் இருந்திருக்கும். அவரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகையை ரெண்டு வீட்டுல வைக்கிறோம், பத்திரத்தை ரெண்டு வீட்டுல வைக்கிறோம். தீப்பிடிச்சா ஒண்ணாவது மிஞ்சணும்னுதானே? கல்யாணத்தை மட்டும் ஒரே பெட்டிக்குள்ள வைக்கச் சொன்னீங்களே சயா!"

பின்னால் நிற்கிற ஆள்

ஊ மணியம் தானே டாலாவுக்குப் போனார். படகிலும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவிலும் அதை மடியிலேயே வைத்திருந்தாராம். பால்பவுடர் டின்னுக்குள், பழைய லோஞ்சித் துணி சுற்றி, டிஸ்க் வந்தது. கூடவே அக்கா கொடுத்த கருவாட்டு வாசனையும் வந்தது. என் கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் வாசற்படியில் போய் நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை. டிக் டிக் சத்தம் இல்லை. மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு வாசித்தார்கள். தாலி கட்டும் இடம் வந்தபோது, வாசற்படியிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் திரும்பவில்லை.

இந்தத் தடவை கொள்கையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, எனக்கொரு நகல், மா தேவிக்கொரு நகல் எடுத்தேன். டாலா டிஸ்க் டாலாவுக்கே திரும்பியது. டோ சரசு கையோடு கொண்டுபோனார்.

இன்டர்வியூ முடிந்து, தூதரக வாசலிலிருந்தே மா தேவி எனக்குக் கூப்பிட்டாள். என்னை அவள் ஊலே என்பாள், சித்தப்பா மாதிரி. விசா கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று ஆவலாகக் கேட்டேன்.

"வீடியோவைப் போடவே சொல்லலை ஊலே. தாலி கட்டற போட்டோ ஒண்ணு பார்த்தார். பின்னாடி ஜெனரேட்டரோட சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறது யாருன்னு கேட்டார். அப்பான்னேன். சிரிச்சார். போதும்னுட்டார்."

எந்தப் பெட்டி நல்லது, எந்த டிஸ்க் நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் ரெண்டு டிஸ்க் பெட்டியைத்தான் விற்கிறேன். என் மனைவியின் படங்கள் உள்ள டிஸ்கை மட்டும் டோ சரசுவின் அக்காவிடம் கொடுத்துவைத்திருக்கிறேன்.